கோடிக் காம்பிரா டீச்சர்

நான் டீச்சரானது ஒரு காம்பிராவுக்காக. கந்தப்பளைக்கு மேலே ஏறிப்போகும் தேயிலைத் தோட்டப் பாதையில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில் கடைசி லயத்தின் கோடியில் இருக்கிற ஒற்றை அறை அது. முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, பின்னால் கரிபிடித்த குசினி, மேலே ஒழுகும் தகரம். அந்தத் தகரத்துக்கு அடியில் அம்மாவும் நானும் தொடர்ந்து இருக்க வேண்டுமென்றால் நான் டீச்சராக வேண்டியிருந்தது. ஆனேன். இதற்குமேல் பெரிய கதை ஒன்றும் இல்லை என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேர்முகப் பரீட்சையில் இதையா சொல்ல முடியும்? மூன்று அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஏன் பிள்ளை, இந்தத் தொழிலைத் தெரிவு செய்தனீர்?" என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார். "என் சமூகத்துப் பிள்ளைகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது சிறுவயதிலிருந்தே என் கனவு, சேர்" என்றேன். எனக்கு முன்னால் போனவளும் அதையேதான் சொன்னாள், பின்னால் போனவளும் அதையேதான் சொல்லியிருப்பாள். எல்லோருக்கும் மனப்பாடம் பண்ணிக் கொடுத்தது ஒரே டியூஷன் மாஸ்டர். அந்த அதிகாரி எத்தனை பேரின் சிறுவயதுக் கனவைக் கேட்டிருப்பாரோ, பாவம், முகத்தில் ஒரு அசைவுமில்லாமல் தலையை ஆட்டினார்.

காம்பிரா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில், வீட்டில் ஒருவராவது வேலைக்குப் பேர் பதிந்திருக்க வேண்டும். அப்பா நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தார். அண்ணன் கொழும்பில் பலசரக்குக் கடைக்குப் போனான், பேரை வெட்டிவிட்டார்கள். மிச்சமிருந்தது அம்மாவின் பேர் மட்டும். அம்மாவுக்கோ இரண்டு முழங்காலும் வீங்கி, மலையில் ஏறினால் இறங்க முடியாது, இறங்கினால் ஏற முடியாது. அம்மா வேலையை விட்டுப் பேரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் காம்பிராவைக் கேட்பார்கள். உடனே கேட்பார்கள் என்றில்லை, தோட்டத்தை நடத்துகிற தொரை நினைத்தால் கேட்பார். அந்த 'நினைத்தால்'தான் எங்களைத் தூங்கவிடவில்லை.

ஆனால் அதே தோட்டத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவருக்கு ஒரு காம்பிரா உண்டு. பள்ளிக்கூடத்தைத் தோட்டமே நடத்திய காலத்து வழக்கம். அரசாங்கம் எடுத்த பிறகும் அதை யாரும் மாற்றவில்லை. ஆக, நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராகப் போனால் அம்மா முழங்காலை நீட்டி உட்காரலாம். நானும் கொழுந்துக் கூடையைத் தூக்காமலே அங்கே இருக்கலாம்.

அதே சமயத்தில் எனக்கு இன்னொரு வேலையும் கிடைத்திருந்தது. கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில், தமிழில் போன் எடுப்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. போய் ஒரு நாள் பேசிக்காட்டிவிட்டு வந்தேன், எடுத்துக்கொண்டார்கள். அம்மா கேட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"டெலிபோன்ல கண்டவனுக்கெல்லாம் பதில் சொல்றது ஒரு வேலையா? டீச்சருன்னா ஊரே எந்திரிச்சு நிக்கும்டி."

எனக்கு அப்போது அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காலமெல்லாம் காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டால் குரல் கொடுத்தவள், தன் மகளுக்காக நாலு பேர் எழுந்து நிற்பதைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். கொழும்பை விட்டுவிட்டேன்.

அம்மா சொன்னது பொய்யில்லை. ஊர் எழுந்து நின்றது. அங்கேதான் எனக்குச் சனியன் பிடித்தது.

டீச்சராவதற்கு முன்னால் எனக்கு லயத்தில் 'வாய்க்காரி' என்று பேர். பீலியில் தண்ணி பிடிக்கப் போனால் நான் இல்லாத சண்டை கிடையாது. மலையூற்றிலிருந்து வரும் அந்த ஒரே பீலிக்கு இருபது குடம் வரிசையில் நிற்கும். யாராவது குடத்தை நகர்த்தி வைத்தால் போதும், அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுப்பேன். மேல் லயத்துக்காரி ஒருத்தி இருந்தாள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், எனக்குச் சரியான ஜோடி. ஒரு தடவை இரண்டு பேரும் மயிரைப் பிடித்துக்கொண்டு பீலித் தொட்டிக்குள்ளேயே விழுந்தோம். மறுநாள் அவள் வீட்டுக் கல்யாணத்தில் நான்தான் தேங்காய் துருவினேன். சண்டை என்பது எங்களுக்குள் அப்படிப்பட்ட ஒன்று.

நியமனம் கிடைத்த மறுவாரம் குடத்தோடு போனேன். சளசளவென்று இருந்த பீலிக்கரை கப்சிப் ஆனது. மேல் லயத்துக்காரி தன் குடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "வாங்க டீச்சர், மொதல்ல நீங்க புடிங்க" என்றாள். நேற்றுவரை 'அடியே'. நான் சிரித்துக்கொண்டே, "என்னாடி புதுசா மரியாத, வெளையாடுறியா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மற்றவர்களும் சிரிக்கவில்லை.  எனக்கு அந்தக் குடத்தை அவள் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான். கடையில் நின்று ரொட்டி கடித்தால், "டீச்சர், உள்ள வந்து ஒக்காருங்க." பஸ்ஸில் யாரோடாவது சிரித்துப் பேசினால் நான் வீட்டுக்கு வருமுன் சேதி வந்துவிடும். விறகு தூக்கினால் யாராவது ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார்கள். கோபம் வந்து குரலை உயர்த்தினால் அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுப்பாள். "டீச்சரு சத்தம் போடக் கூடாது. நாலு பேரு பாக்குறாங்க." நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள். எனக்குப் போட்ட வேஷத்தில் குரைக்கவும் கூடாது.

படிப்பிப்பது பிடிக்காது என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு, நடுவில் தட்டியில்லை. இந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்புப் பின்னம், அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்புப் பாட்டு. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் இரண்டும் கேட்காது. பிள்ளைகளிடம் ரொட்டியைப் பிய்த்துக் காட்டச் சொல்லி அரைவாசி, கால்வாசி எல்லாம் படிப்பித்தேன். படிப்பித்த பின்னம் எல்லாம் வயிற்றுக்குள் போய்விடும், அடுத்த நாள் புது ரொட்டியில் புதுப் பின்னம். எனக்கு அது நன்றாக வந்தது. நன்றாக வந்ததுதான் எனக்கு எரிச்சல். பிடிக்காத வேலை என்றால் திட்டிக்கொண்டே விட்டுவிடலாம். நன்றாகச் செய்கிற வேலையை விட்டு ஓட நினைக்கிறவளை எதில் சேர்ப்பது?

ஆனால் ஓடத்தான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு இல்லை, வேறெந்தப் பள்ளிக்கூடமானாலும் சரி. பள்ளி விட்டதும் நான் வெறும் ஆளாக வேண்டும், அவ்வளவுதான். இங்கே பள்ளி விடுவதே இல்லை. காலையில் எழுந்து இஸ்தோப்பில் பல் துலக்கினாலும் "குட் மோர்னிங் டீச்சர்."

கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் வழி தானாக வந்தது. எங்கள் தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவருடைய மனைவி ஹட்டனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் டீச்சர். கைக்குழந்தையோடு அவர் அங்கே, புருஷன் இங்கே. சனி ஞாயிறில் மூன்று பஸ் மாறி, குழந்தை வாந்தியெடுத்துக்கொண்டே வந்து போவார். ஒரு நாள் அவரே என்னிடம் வந்து, "டீச்சர், கோவிச்சிக்காதீங்க, ஒண்ணு கேக்கலாமா?" என்று இழுத்தார். நானும் அவரும் இடம் மாற்றிக்கொள்ளலாமா என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தக் குழந்தையை வாங்கிக் கன்னத்தைக் கிள்ளியே அழவைத்துவிட்டேன். இரண்டு அதிபர்களும் சம்மதித்தார்கள். வலயக் கல்விக் காரியாலயத்தில் இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அம்மாவிடம் சொன்னேன். "நீயும் வா. ஹட்டனுல குசினியோட ஒரு வீடு பாக்குறேன். ஆஸ்பத்திரியும் கிட்ட."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பாப்போம்" என்றாள்.

அம்மாவின் 'பாப்போம்' என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வயதுக்கு வந்தபோது சைக்கிள் கேட்டதற்கும் 'பாப்போம்'தான். ஆனால் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை ஹட்டனுக்குப் போனேன், ஆசிரியர் கலாசாலையில் கூடப் படித்தவள் வீட்டில் தங்கி இடம் பார்க்க. ரயில் பாதைக்கு மேலே ஒரு வீடு இருந்தது. தனி வாசல், தனிச் சாவி. வீட்டுக்காரப் பெண் சிங்களம், நான் யார், என்ன வேலை, யார் மகள் என்று ஒன்றும் கேட்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்து, பார்த்துவிட்டுத் தாருங்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்விட்டார். அந்த வெற்று அறையின் நடுவில் நின்று கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

திரும்பி வரும்போது நுவரெலியா பஸ்ஸில் கண்டக்டர் என்னை, "ஏய் நங்கி, உள்ளே போ" என்று, ஏதோ அவன் தங்கச்சியைப் போல, தோளில் தட்டினான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, பஸ் முழுக்கக் கேட்க, சிங்களத்தில் அவனை வெளுத்து வாங்கினேன். கையைத் தட்டிவிட்டேன். அவனும் விடவில்லை. இரண்டு நிறுத்தம் வரைக்கும் போனது சண்டை. பின்னால் ஒரு கிழவர் சிரித்தார். இறங்கும்போது தொண்டை கரகரத்தது, உடம்பெல்லாம் லேசாக இருந்தது. எத்தனை வருஷமாயிற்று.

அந்தச் சந்தோஷத்தோடுதான் ஞாயிறு பின்னேரம் லயத்துக்கு ஏறினேன்.

தூரத்திலிருந்தே எங்கள் காம்பிரா பக்கம் கூட்டம் தெரிந்தது.  அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓடினேன். அம்மா இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்து, எல்லோருக்கும் பிளேன்டி ஊற்றிக்கொண்டிருந்தாள். கோடிக் காம்பிராவாகையால் பக்கத்தில் கொஞ்சம் வெறும் நிலம் உண்டு. அங்கே சீமெந்துக் கல்லில் புதிதாக ஓர் அறை நின்றது. மேலே பளபளவென்று புதுத் தகரம். இரண்டு பேர் உள்ளே தரை இழைத்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸ் இழுத்து, குசினி வாசலிலேயே ஒரு பைப்பும் பூட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாள். லயத்து ஆண்கள் பெண்கள் எல்லோரும் முழங்கால்வரை சீமெந்தும் சேறும்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "டீச்சர், நீங்க போன நேரம் பாத்து, ராவும் பகலுமா நின்னு, சொல்லாமக் கொள்ளாம செஞ்சிட்டோம், மன்னிச்சுக்கோங்க. ஒங்கம்மா சொன்னாங்க. பீலிக்கு வந்து நிக்கிறது கஷ்டம், பேப்பர் திருத்த எடமில்ல, அதுனாலதான் போறீங்கன்னு. எங்களுக்கு ரொம்பக் கேவலமாப் போயிருச்சுங்க. நாங்க இத்தன பேரு இருந்துக்கிட்டு."

"யாரு காசுல..." என்று என்னவோ கேட்டேன்.

"அத விடுங்க. தொரைகிட்டயும் பேசிட்டோம். டீச்சர் இருக்கிற வரைக்கும் இந்தக் காம்பிராவ எவனும் கேக்க மாட்டான்னு சொல்லிட்டாரு." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, குரலை உயர்த்தினார். "டவுனு பள்ளிக்கூடம், டவுனு வீடுன்னு ஆசப்படுற ஆளா நம்ம டீச்சரு? நம்ம புள்ளைங்களுக்காகத்தான இந்த வேலைக்கே வந்தாங்க."

கைதட்டினார்கள். என்னிடம் ரொட்டியில் பின்னம் படித்ததுகள் எல்லாம் சுண்ணாம்பு அப்பிய கையோடு தட்டின. மேல் லயத்துக்காரி காலையிலிருந்து மண் சுமந்தாளாம். தலையில் சும்மாடுகூட இன்னும் அவிழ்க்கவில்லை. கிட்டே வந்து, "இனிமே எம் மூஞ்சியப் பாக்காமயே தண்ணி புடிக்கலாம் டீச்சர்" என்றாள். அவள் கேலி பண்ணுகிறாளா, வருத்தப்படுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. முந்தி என்றால் விளங்கியிருக்கும்.

 எல்லோருக்கும் நன்றி என்றேன். தண்ணியும் குடிக்காமல் நின்றேன். நல்ல மனிதர்கள் செய்கிற நல்ல காரியம் மாதிரிக் கழுத்தை நெரிப்பது வேறொன்றுமில்லை. எதிரி கட்டிய சுவரென்றால் இடிக்கலாம்.

கூட்டம் கலைந்ததும் குசினிக்குள் போனேன். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நீதான சொன்ன?"

"ஆமா."

"பீலி தூரம்னா நான் போறேன்னு சொன்னேன்? எப்ப சொன்னேன்?"

"பின்ன எதுக்குப் போறியாம்?"

 ஊர் எனக்கு மரியாதை கொடுக்கிறது, அதனால் போகிறேன் என்று எந்த மகள் எந்தத் தாயிடம் சொல்வது? அதற்குப் பதிலாக, "என்னயக் கேக்காம நீ எப்பிடி ஊரக் கூட்டலாம்?" என்று கத்தினேன்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. மாவை உருட்டிக்கொண்டே, பெரிய ரகசியமாக இல்லாமல், உப்பு போட்டாயிற்று என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"ஒன்ன டீச்சராக்குனதே நீ எங்கயும் போயிறக் கூடாதுன்னுதான். ஒங்க அண்ணன் கொழும்புக்குப் போனான், வந்தானா? தீவாளிக்கு ஒரு போனு. நீயும் போயிருந்தா நானு யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்துருப்பேன்? டீச்சருன்னா இங்கயே இருப்ப. அதான்."

 ஆக, அம்மா என்னை டீச்சராக்கியது மரியாதைக்காக இல்லை. ஊர் எழுந்து நிற்பதற்காக இல்லை. நான் கூடை சுமக்காமல் இருப்பதற்காகவும் இல்லை. காம்பிராவுக்காகக்கூட இல்லை. இத்தனை காலமும், வேறு வழியில்லாமலானாலும் இந்தத் தொழிலை நான்தான் எடுத்தேன் என்று எனக்கு ஒரு வீம்பு இருந்தது. அந்த வீம்பும் அம்மாவுடையது.

"நீயெல்லாம் ஒரு அம்மாவா" என்று ஆரம்பித்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருப்பேன். அந்தப் பக்கத்துச் சுவர் வழியாக வந்துகொண்டிருந்த டிவிச் சத்தம் திடீரென்று குறைந்தது. பக்கத்துக் காம்பிரா காது கொடுக்கிறது. யாரோ, "டீச்சரு வீட்டுல என்னமோ" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். தாழ்த்தின குரலில் திட்டினால் திட்டு மாதிரியே இல்லை. கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டேன். அம்மா தட்டில் ரொட்டியைப் போட்டு என் பக்கம் தள்ளினாள். பசி இருந்தது, சாப்பிட்டேன்.

மறுநாள் இடைவேளையில் ஹட்டன் டீச்சர் போன் எடுத்தார். புதன்கிழமை வலயக் காரியாலயத்துக்குப் போவதற்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் பிடித்துவிட்டாராம். இங்கே புருஷனுடைய குவார்ட்டர்ஸுக்குத் திரைச்சீலைகூடத் தைத்துவிட்டாராம். அவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, "டீச்சர், நான் வரல" என்றேன்.

 அந்தப் பக்கத்தில் குழந்தை என்னவோ மழலை பேசியது.

"அம்மாவுக்கு ஏதும் சொகமில்லையாங்க?"

"இல்ல. நல்லாத்தான் இருக்காங்க."

"அப்ப ஏன் டீச்சர்?"  பிறகு அவரே, எனக்கு உதவி செய்கிறவரைப் போலக் கேட்டார். "புள்ளைங்கள விட்டுட்டு வர மனசு வரலையாங்க?"

மண்டபத்துக்குள் மூன்று வகுப்பும் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தன. உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று பார்த்தேன். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

"ஆமாங்க" என்றேன்.

அவர் மூக்கை உறிஞ்சினார். அழுகிறார் என்று தெரிந்தது. "ஒங்களக் கொற சொல்ல முடியாது டீச்சர். ஒங்கள மாதிரி ஒருத்தங்க கெடைக்க அந்தப் புள்ளைங்க குடுத்துவச்சிருக்கணும்" என்றார்.

நான் அதற்கும் "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு, வகுப்புக்குள் போனேன். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.